ஏழு கால் பாட்டி

அந்தப் பையனுக்கு மீன் என்றாலே குமட்டுகிறது.

வருடம் சுமார் 1500. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே மாடலின் காலேஜைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், பையன்கள் லத்தீனில் மொழிபெயர்ப்பதற்காக ஆங்கில வாக்கியங்களை எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் 'ராமன் பாலத்தைக் கட்டினான்' என்று கொடுப்பார்களே, அந்த ரகம்தான். ஆனால் இவர் குறும்புக்காரர். பையன்கள் மனசுக்குள் என்ன ஓடுமோ அதையே பாடமாக்கிவிட்டார். அதில் ஒருவன் புலம்புகிறான். வாரக்கணக்கில் உப்பு மீனைத் தவிர வேறெதையும் தட்டில் பார்க்கவில்லையாம். கறிக்காக நாக்கு ஏங்குகிறதாம். போதாக்குறைக்கு, மீன் தின்று தின்று நெஞ்சில் கபம் கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லையாம்.

அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றைக்கும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ராஜாக்களின் போர், சமாதானம் எல்லாவற்றுக்கும் நடுவே, ஒரு பள்ளிக்கூடப் பையனின் நாக்கு ஐந்நூறு வருடங்களைத் தாண்டி வந்திருக்கிறது பாருங்கள்.

பையன் மாட்டிக்கொண்டிருந்தது தவக்காலத்தில். கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்பார்கள். சி.எஸ்.ஐ. வீடுகளில் லெந்து நாட்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் பட்டினி கிடந்ததன் நினைவாக. பட்டினி முடிகிற நேரத்தில் பிசாசு வந்து முதலில் எதைக் காட்டி மயக்கப் பார்த்தது தெரியுமில்லையா? ராஜ்ஜியத்தையோ, அதிகாரத்தையோ அல்ல. அதெல்லாம் பிற்பாடு. முதலில் சாப்பாடு. இந்தக் கல்லை அப்பமாக்கேன் என்றது. பசித்தவனிடம் எங்கே தட்ட வேண்டும் என்று பிசாசுக்குத் தெரிந்திருந்தது. கத்தோலிக்கக் கோவில்களில் தவக்காலத்தின் முதல் ஞாயிறு அன்று வருடம் தவறாமல் வாசிக்கப்படுவது இந்தச் சோதனைக் கதைதான்.

அந்த நாற்பதுக்கு ஒரு கணக்கு உண்டு. பி.காம். படித்தவன் கண்ணில் இது படாமல் போகாது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும். இடையே ஆறு ஞாயிறு. ஞாயிறு என்பது உயிர்த்தெழுந்த நாள், கொண்டாட்ட நாள், அன்றைக்கு நோன்பு கிடையாது. ஆறைக் கழித்தால் நாற்பது. டேலி ஆகிவிட்டது!

ஆரம்பத்தில் இத்தனை நாளெல்லாம் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் பிஷப் இரனேயுஸ் எழுதிய ஒரு கடிதத்தில், சிலர் ஒருநாள் இருக்கிறார்கள், சிலர் இரண்டு நாள், சிலர் நாற்பது மணி நேரம் என்று வருகிறது. 325-ல் நைசியாவில் கூடிய மாநாட்டின் விதிகளில் 'நாற்பது' என்ற பெயர் எட்டிப் பார்க்கிறது. பிறகு அதுவே கெட்டிப்பட்டுவிட்டது.

விதிகள் கடுமையானவை. ஒருநாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அதுவும் பொழுது சாயும்போது. இறைச்சி கூடாது. பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை எதுவும் கூடாது. மீன் பரவாயில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் இதற்கு இரண்டு அழகான வார்த்தைகள் உண்டு. ஒருவேளை மட்டும் சாப்பிட்டால் 'ஒருசந்தி'. மாமிசம் தவிர்த்தால் 'சுத்தபோசனம்'. இன்றைக்கும் சில ஊர்களில் வயதானவர்கள் வெள்ளிக்கிழமையானால், 'இன்னிக்கு சுத்தபோசனம்' என்பார்கள்.

சரி, குழந்தைகளுக்கு?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஏட்டில் பார்த்தால் குழந்தைகளுக்கு விலக்கு இருந்தது. அதுவும் சாதாரண விலக்கு இல்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் மடங்களுக்கு எழுதிய சட்டத்தில், கிழவர்களையும் குழந்தைகளையும் சாப்பாட்டு விஷயத்தில் வாட்டக் கூடாது, நேரத்துக்கு முன்பே அவர்கள் சாப்பிடலாம் என்று ஒரு தனி அத்தியாயமே வைத்தார். மடத்தில் குழந்தைகளா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே மடத்துக்கு நேர்ந்துவிடுகிற வழக்கம் இருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வருகிறார். திருச்சபையின் மிகப் பெரிய மூளை. அவரிடம் நோன்பு யார் யாருக்குக் கட்டாயம் என்ற கேள்வி. வளர்கிற உடம்பு, அதற்கு நிறைய சத்து வேண்டும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும், ஆகவே மூன்று ஏழு வருடங்கள் முடியும்வரை, அதாவது இருபத்தொரு வயது வரை, நோன்பு கட்டாயமில்லை என்கிறார். இன்றைய குழந்தை டாக்டர் யாரும் இதற்குமேல் சொல்லிவிட முடியாது. கூடவே ஒரு வரி சேர்க்கிறார். வயசுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வது நல்லது.

கொஞ்சம் கொஞ்சமாக. இதை எப்படிச் செய்வது என்று அவர் சொல்லவில்லை. அது பண்டிதர் வேலை இல்லையே.

நடைமுறையில் நடந்தது வேறு. வீட்டில் எரிவது ஒரே அடுப்பு. கொதிப்பது ஒரே சட்டி. அதில் கறி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை என்றால், பெரியவருக்கும் இல்லை, எட்டு வயசுப் பொடியனுக்கும் இல்லை. அம்மா தனியாகவா சமைப்பாள்? இறைச்சிக் கடைகளும் மூடித்தான் கிடக்கும். தவிர, ஐரோப்பாவில் இது குளிர்காலத்தின் கடைசி. போன அறுவடையின் சேமிப்பு தீர்ந்து, தோட்டத்தில் புதுசாக எதுவும் முளைக்காத சமயம். நோன்பு இல்லாவிட்டாலும் ஏழை வீடுகளில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. இல்லாததையே விரதமாக்கிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். எப்படியோ, சட்டப்படி விலக்கு பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு பையன் உப்பு மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே சமயத்தில் பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

சந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம்தானே சாப்பாடு? மாலைப் பிரார்த்தனை முடிந்த பிறகு சாப்பிடலாம் என்றால், பிரார்த்தனையையே மெல்ல மெல்ல முன்னால் நகர்த்தினார்கள். சாயங்காலம் மூன்று மணியானது. மூன்று மணி நண்பகலானது. ஆங்கிலத்தில் மத்தியானத்துக்கு 'நூன்' என்கிறார்களே, அது லத்தீன் 'நோனா'விலிருந்து வந்தது. நோனா என்றால் ஒன்பதாவது மணி. ரோமானியக் கணக்கில் அது பிற்பகல் மூன்று! மூன்று மணி எப்படிப் பன்னிரண்டானது என்பதற்குச் சொல்லப்படுகிற காரணங்களில் பசித்த சாமியார்களும் உண்டு.

அப்புறம் வாத்து. பார்னக்கிள் என்று ஒருவகைக் காட்டு வாத்து. அது முட்டையிலிருந்து வருவதில்லை, கடலில் மிதக்கிற கட்டையிலிருந்து சிப்பி மாதிரி முளைக்கிறது என்று நம்பினார்கள். கடலில் முளைத்தால் அது மீன்தானே? போடு குழம்பு! 1215-ல் போப் மூன்றாம் இன்னொசென்ட் தலையிட்டு, வாத்து வாத்துதான் என்று தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. புதிய உலகத்துக்குப் போனவர்கள் பீவரின் வாலைப் பார்த்தார்கள். செதில் மாதிரி இருந்தது. பீவரும் மீன் பட்டியலில் சேர்ந்தது.

வெண்ணெய்க் கதை இன்னும் அருமை. வடக்கு ஐரோப்பாவில் ஆலிவ் எண்ணெய் கிடையாது. இறக்குமதி செய்ய வேண்டும். விலை அதிகம், தரம் மட்டம். வெண்ணெய்க்கு அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். கிடைத்தது, ஒரு தொகை கட்டினால்! ஃபிரான்ஸில் ரூவான் நகரத்துப் பேராலயத்துக்குப் போனால் அட்டகாசமான ஒரு கோபுரத்தைப் பார்க்கலாம். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்ட ஆரம்பித்தது. பெயர், வெண்ணெய்க் கோபுரம். தவக்காலத்தில் வெண்ணெய் தின்ன ஜனங்கள் கட்டிய காசில் எழுந்தது என்பதால் அந்தப் பெயர். ஜெர்மனியில் சாக்ஸனிக்காரர்கள் 1491-ல் போப்பிடமிருந்து இப்படியொரு வெண்ணெய்க் கடிதம் வாங்கினார்கள். ட்ரெஸ்டனில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற ஸ்டோலன் ரொட்டி அதற்கப்புறம்தான் ருசியானது என்பார்கள். இந்த வியாபாரத்தைப் பார்த்துக் கொதித்தவர்களில் மார்ட்டின் லூதரும் ஒருவர். ரோமில் உள்ளவன் செருப்புக்குக்கூடத் தடவாத எண்ணெயை எங்கள் தலையில் கட்டிவிட்டு, அப்புறம் வெண்ணெய்க்கு லைசென்ஸும் விற்கிறானே என்கிற அர்த்தத்தில் 1520-ல் விளாசியிருக்கிறார்.

1522-ல் ஜூரிக்கில் நேரடியாகவே போட்டு உடைத்தார்கள். ஃப்ரோஷவர் என்று ஒரு அச்சகக்காரர். புத்தகச் சந்தைக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ராப்பகலாக உழைக்கிற தொழிலாளிகளுக்கு வெறும் கஞ்சி போதுமா? தவக்காலத்தில் தன் வீட்டில் சாசேஜை வெட்டிப் பரிமாறினார். பாதிரியார் ஸ்விங்லி அங்கே இருந்தார். அவர் தொடவில்லை. ஆனால் அச்சகக்காரர் மாட்டிக்கொண்டதும், எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் மனசாட்சி விஷயம் என்று பிரசங்கமே செய்தார். சுவிட்சர்லாந்தின் மதச் சீர்திருத்தம் ஆரம்பித்தது இப்படி, தட்டிலிருந்துதான்.

இங்கிலாந்து கூத்து தனி. போப்பின் தொடர்பை அறுத்துக்கொண்ட பிறகும் மீன் நாட்களை மட்டும் விடவில்லை. 1563-ல் எலிசபெத் ராணியின் பாராளுமன்றம் புதன்கிழமையையும் மீன் நாளாக்கியது. காரணம் பக்தி இல்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டது. மீனவர்கள் பிழைத்தால்தானே கப்பற்படைக்கு ஆள் கிடைக்கும்? சாக்லேட்டையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் 1636-ல் அந்தோனியோ தெ லியோன் பினெலோ என்ற அறிஞர், சாக்லேட் குடித்தால் நோன்பு முறியுமா என்பதை ஆராய்ந்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். முழுப் புத்தகம்! பிற்பாடு ஒரு கார்டினலே, திரவம் நோன்பை முறிக்காது என்று தைரியம் சொன்னார்.

இத்தனையையும் ஒரு குழந்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசையை அடக்கு என்று அதற்குச் சொல்கிறார்கள். சொல்கிறவர் பீவர் வாலை மென்றுகொண்டிருக்கிறார். அது எதைக் கற்றுக்கொள்ளும்?

ஆனால் ஐரோப்பாவின் தெற்கு ஓரங்களில் வேறு ஒரு கூட்டம் இருந்தது. லத்தீன் தெரியாது. அக்வினாஸைப் படித்ததில்லை. சமையல்கட்டுப் பெண்கள். அவர் சொல்லாமல் விட்ட அந்தக் 'கொஞ்சம் கொஞ்சமாக'வை எப்படிச் செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிரீஸில் தவக்காலம் பிறந்ததும் வீட்டுக்குள் ஒரு பெண் வருவாள். பெயர் கீரா சரகோஸ்தி. சரகோஸ்தி என்றால் நாற்பது நாள் நோன்பு. நோன்பம்மா என்று வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் வெட்டுவார்கள். அல்லது மாவில் உப்பைக் கொட்டிப் பிசைந்து செய்வார்கள். உப்பு எதற்கு? கெட்டுப்போகாது. தவிர யாரும் எடுத்துத் தின்னவும் மாட்டார்கள். கன்னியாஸ்திரி வேஷம். கைகள் இரண்டும் கட்டியிருக்கும், ஜெபம் செய்கிறாளாம். முகத்தில் கண் உண்டு, மூக்கு உண்டு. வாய் கிடையாது! நோன்பில் இருக்கிறவளுக்கு வாய் எதற்கு?

பாவாடைக்குக் கீழே பார்த்தால் ஏழு கால்.

ஏழு வாரத்துக்கு ஏழு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு காலை வெட்டிவிட வேண்டும். வெட்டுகிற வேலை வீட்டில் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தரிக்கோலுக்குப் போட்டி நடக்கும். இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள் என்று நச்சரிக்கிற பிள்ளைக்கு நாற்பது என்ற எண் புரியாது. நாலு கால் போச்சு, மூன்று கால் பாக்கி என்றால் புரியும். கடைசிக் காலை ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வெட்டி, உலர்ந்த அத்திப்பழத்துக்குள்ளோ வாதுமைக் கொட்டைக்குள்ளோ ஒளித்து வைத்து மற்ற பழங்களோடு கலந்துவிடுவார்கள். யாருக்கு அது கிடைக்கிறதோ அவருக்கு அதிர்ஷ்டம்.

கருங்கடல் ஓரத்தில் பொன்டஸ் என்ற பகுதியில் வாழ்ந்த கிரேக்கர்கள் கொஞ்சம் முரட்டு ஆசாமிகள் போல. அங்கே அம்மாவுக்குப் பதில் குக்கராஸ். ஒரு உருளைக்கிழங்கோ வெங்காயமோ எடுத்து, அதில் ஏழு கோழி இறகைக் குத்தி, நூலில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு இறகு பிடுங்கப்படும். யாராவது கதவைத் திறந்தால் காற்றில் அது சுற்றும். திருட்டுத்தனமாகப் பாலாடைக்கட்டியைத் தொட்டால் குக்கராஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பிள்ளைகளை மிரட்டுவார்கள். நம் ஊர் பூச்சாண்டிக்கு உறவுக்காரன். என் ஓட்டு அந்த ஏழு கால் அம்மாவுக்குத்தான்.

இத்தாலியின் தெற்கே கறுப்பு உடை போட்ட கிழவி பொம்மையைப் பால்கனியில் தொங்கவிட்டார்கள். அவள் கையில் இறகு குத்திய ஆரஞ்சு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் அவள் பெயரே 'தவக்காலக் கிழவி'. ஒரு கையில் உப்புப் போட்ட காட் மீன், காலைப் பார்த்தால் அதே ஏழு. அங்கே இன்றும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இந்தப் பாட்டியை வரைந்து வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டுகிறார்கள். வாரம் ஒரு காலாக வெட்டுகிறார்கள். கோவிலுக்குப் போகாத வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துதான்.

நாள் முடிந்தால் கைமேல் பலனும் உண்டு. நோன்பு என்று மனுஷனுக்குத்தானே தெரியும்? கோழிக்குத் தெரியாதே! அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டிருக்கும். தின்ன ஆளில்லாமல் முட்டை குவியும். அவித்து, சாயம் தீட்டி, ஈஸ்டர் அன்று கொண்டாட்டம். 1290-ல் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பற்று இருக்கிறது. 450 முட்டை, 18 பென்னி. பென்னிக்கு 25 முட்டை! தங்கத் தாள் ஒட்டியும் சாயம் போட்டும் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அயர்லாந்தின் சில ஊர்களில் இன்னும் தமாஷ். ஏழு வாரம் வியாபாரம் படுத்துப்போன கடுப்பில் இருக்கிற இறைச்சிக் கடைக்காரர்கள், நோன்பு முடிகிற சமயத்தில் ஒரு ஹெர்ரிங் மீனைக் கம்பில் கட்டித் தெருத்தெருவாக ஊர்வலம் விடுவார்கள். போகிற வழியெல்லாம் அதற்கு அடி. கடைசியில் ஆற்றில் தூக்கிப் போட்டுவிட்டு, ஆட்டுக்கறியை அலங்காரம் செய்து கொண்டுவருவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பையன் மட்டும் அங்கே இருந்திருந்தால் முதல் அடி அவனுடையதாகத்தான் இருந்திருக்கும்.

காலம் போகப்போகச் சட்டம் இளகியது. 1917-ல் தொகுக்கப்பட்ட கத்தோலிக்கச் சட்டத்தில் ஏழு வயசு முடிந்தால் சுத்தபோசனம், இருபத்தொன்று முடிந்தால் ஒருசந்தி. 1966-ல் போப் ஆறாம் பவுல் அந்த ஏழைப் பதினாலாக்கினார். கட்டாய ஒருசந்தி நாட்கள் இரண்டாகச் சுருங்கின. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 1983-ல் வந்த புதிய சட்டம் இருபத்தொன்றைப் பதினெட்டாக்கியது. அதே விதியில் ஒரு கொக்கியும் உண்டு. வயசு வராத பிள்ளைகளுக்கும் தவத்தின் உண்மையான அர்த்தத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது பாதிரியார், பெற்றோர் பொறுப்பு. அக்வினாஸின் 'கொஞ்சம் கொஞ்சமாக' எழுநூறு வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறது.

இதை வீடுகள் தங்கள் இஷ்டப்படி செய்துகொண்டன. அயர்லாந்தில் பிள்ளைகள் மிட்டாயை விட்டார்கள். கிடைக்கிற மிட்டாயைத் தின்னாமல் டப்பாவில் சேர்த்து, ஈஸ்டர் அன்று திறப்பார்கள். நடுவே மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள். அன்றைக்கு மட்டும் மூடியைத் திறக்க அனுமதி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அட்டைப்பெட்டி உண்டியல்கள் வந்தன. வேண்டாமென்று விட்ட பண்டத்தின் காசு உண்டியலுக்கு, அங்கிருந்து பசித்த நாடுகளுக்கு. அயர்லாந்து ஆயர்கள் 1973-ல் ஆரம்பித்த ட்ரோகெய்ர் அமைப்பின் தவக்காலப் பெட்டி அங்கே வீட்டுக்கு வீடு பிரசித்தம். அமெரிக்காவில் 1975-ல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் ஆரம்பித்தது 'ரைஸ் பவுல்', அரிசிக் கிண்ணம். நம் பக்கத்துப் பிடி அரிசிக்குச் சகோதரன்.

மிட்டாயை விட்ட பிள்ளை நிஜமாகவே எதையாவது கற்றுக்கொள்கிறதா? இதற்குப் பதில் ஒரு பரிசோதனைச் சாலையிலிருந்து வந்தது. அதற்கும் தவக்காலத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அங்கேயும் சோதனைதான்!

1960-களின் கடைசி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நர்சரிப் பள்ளி. உளவியலாளர் வால்டர் மிஷெல் நாலைந்து வயசுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஒரு அறையில் உட்காரவைத்தார். எதிரே ஒரு மார்ஷ்மெல்லோ. வாயில் போட்டால் கரைகிற மெத்மெத்தென்ற மிட்டாய். இப்போதே தின்றால் ஒன்றுதான். நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு. சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கால்மணி நேரம் பிள்ளைக்கும் மிட்டாய்க்கும் இடையே யுத்தம்.

ஜெயித்த பிள்ளைகள் எப்படி ஜெயித்தார்கள் என்பதுதான் விஷயம். மிட்டாயை முறைத்துப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தவர்கள் சீக்கிரமே தோற்றுப்போனார்கள். கண்ணைப் பொத்திக்கொண்டவர்கள், திரும்பி உட்கார்ந்தவர்கள், தானாகப் பாட்டுப் பாடியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அது மிட்டாய் இல்லை, மேகம் என்று நினைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தபோது, தடுமாறக்கூடிய பிள்ளைகளும் காத்திருந்தார்கள். கிரேக்கத்துச் சமையல்கட்டில் பாலாடைக்கட்டியை விட்டுவிட்டுப் பாட்டியின் காலை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஞாபகம் வருகிறார்களா?

அந்தச் சோதனையில் ஜெயித்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் வெளுத்துக்கட்டினார்கள் என்று ஒரு கதை உலகம் முழுக்கப் பரவியது. சுயமுன்னேற்றப் புத்தகங்கள் அதை வைத்தே கல்லா கட்டின. 2018-ல் இன்னும் பல மடங்கு பிள்ளைகளை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, வீட்டு வசதி, அம்மாவின் படிப்பு இதையெல்லாம் கழித்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போனது. நாளைக்குச் சாப்பாடு நிச்சயம் என்கிற வீட்டுப் பிள்ளைக்குக் காத்திருப்பது சுலபம். இல்லாத வீட்டில், கையில் இருப்பதை உடனே தின்பதுதானே புத்திசாலித்தனம்?

எனக்குப் பிடித்தது அதற்கு முன்பு, 2012-ல், ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஒரு குட்டி ஆய்வு. மொத்தம் 28 பிள்ளைகள். மிட்டாய்க்கு முன்னால் படம் வரைகிற வேலை. இந்தப் பழைய கிரேயானை வைத்துக்கொள்கிறாயா, கொஞ்சம் பொறுத்தால் நல்லதாகக் கொண்டுவருகிறேன் என்றார் ஆய்வாளர். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். பாதிப் பேரிடம் கையை விரித்துவிட்டார். 'ஸாரி, இல்லை.' அதற்கப்புறம் மார்ஷ்மெல்லோ. வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள்? மூன்றே நிமிடம்.

வெண்ணெய்க் கோபுரத்தைக் கட்டியவர்களிடம் இந்த ஆய்வை யாராவது காட்டியிருக்கலாம்.

ஐரோப்பாவில் இதெல்லாம் சரித்திரமாகிவிட்டது. பழைய கடுமையோடு இன்றும் நோன்பு நடக்கிற தேசம் ஒன்று உண்டு. எத்தியோப்பியா. அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் நாற்பதோடு நிற்காது, 55 நாள். வருடத்தின் எல்லா நோன்புகளையும் கூட்டினால் சாதாரண ஜனங்களுக்கே சுமார் 180 நாள். இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது.

அங்கேயும் ஏட்டில் குழந்தைகளுக்கு விலக்கு இருக்கிறது. ஏழு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நோன்பே கிடையாது. ஆனால் சத்துணவு ஆராய்ச்சியாளர்கள் கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தபோது, நோன்பு நாட்களில் இரண்டு வயசு நிரம்பாத குழந்தைகளுக்குக்கூட முட்டையோ பாலோ போய்ச்சேரவில்லை. அம்மாக்களுக்குப் பிள்ளைமேல் பாசமில்லாமலா? பயம். பிள்ளைக்கு முட்டை செய்த பாத்திரத்தில் பெரியவர்களுக்குச் சமைத்தால் நோன்பு கெட்டுவிடும் என்ற பயம். இருப்பது ஒரே சட்டி, ஒரே கரண்டி. இந்தக் கவலை நம் ஊர் அம்மாக்களுக்கு விளக்காமலே புரியும். கார்த்திகையில் மாலை போட்டவர் இருக்கிற வீட்டில் பாத்திரம் படுகிற பாடு தெரியாதா என்ன?

வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அதிகமுள்ள நாடு அது. அந்த வயசில் இழந்த உயரத்தையும் மூளை வளர்ச்சியையும் பிற்பாடு எந்த விருந்து வைத்தும் பிடிக்க முடியாது. நர்சுகள் சொன்னார்கள். சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டார்கள், செய்யவில்லை. கடவுள் விஷயத்தில் நர்ஸ் பேச்சு எடுபடுமா?

கடைசியில் பாதிரியார்களிடமே போனார்கள். அம்ஹாரா பகுதியில் கோவில் பிரசங்கத்திலேயே விஷயம் வந்தது. வெள்ளைத் தலைப்பாகையும் கையில் சிலுவையுமாகப் பாதிரியாரே எழுந்து நின்று, இந்த நோன்பு உங்கள் குழந்தைக்குக் கிடையாது, பிள்ளைக்கு முட்டையும் பாலும் கொடுங்கள், அதனால் உங்களுக்குப் பாவம் வராது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நோன்புக் காலத்தில், நோன்பிருக்கிற அம்மாக்களுக்கு முன்னால், நோன்பிருக்கிற வாயால்.